கால் அறியாத வெடிப்பு

என் மகளின் வலது காலில், முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கத்திலும் பாதத்தின் மேற்பக்கத்திலும் தொட்டால் அவளுக்குத் தெரியாது. பாதத்தை மேலே தூக்கவும் முடியாது. வெறுங்காலோடு நடந்தால் விரல் நுனி தரையில் இடறும். போன மழைக்காலத்தில் மந்தாரக்குப்பம் சாலையில் நான் ஓட்டிய வண்டி சேற்றில் வழுக்கி விழுந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த அவளுடைய காலின் மேல் வண்டி கிடந்தது. எனக்கு முழங்கையில் கொஞ்சம் சிராய்ப்பு, அவ்வளவுதான். அந்த நாளைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு இப்போதும் கை வரவில்லை. இது அதற்குப் பிறகு நான் செய்த ஒரு தப்பைப் பற்றியது.

முதலில் அவளுக்கு ஒரு பிளாஸ்டிக் தாங்கி கொடுத்தார்கள். பாதம் தொங்காமல் பிடித்துக்கொள்ளும்; அதற்கு மேல் ஷூ போட்டுக்கொள்ளலாம். எங்கள் ஊர் வெயிலில் அதற்குள் கால் வெந்தது. ஒரு மாலை அவள் கல்லூரியிலிருந்து வந்து ஷூவைக் கழற்றியபோது சாக்ஸில் ரத்தம். கணுக்காலுக்கு முன்னால் ஒரு கொப்புளம் வந்து, உடைந்து, தேய்ந்து, புண்ணாகியிருந்தது. அவளுக்கு எதுவுமே தெரியவில்லை. அந்தப் புண் ஆற ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "அவளுக்கு வலிக்காது சார், அதுதான் ஆபத்து. இந்தக் காலைத் தினமும் யாராவது பாக்கணும்." அந்த யாராவது நான்தான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

பிறகு பாண்டியில் ஒரு இடத்தில் அவள் காலின் வடிவத்தை மாவுக்கட்டு மாவில் அச்சாக வார்த்து, அந்த மாவு அச்சின் மேல் தோலை வளைத்துத் தோல் தாங்கி செய்து கொடுத்தார்கள். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட கெட்டித் தோல், உள்ளே மெல்லிய தோல் ஒட்டியது, பின்பக்கம் விறைப்புக்கு ஒரு பட்டி. வியர்வையை உறிஞ்சிக்கொண்டது. கால் சிவக்கவில்லை. மாவு அச்சையும் நான் கேட்டு வாங்கி வந்தேன். எதற்கு என்று அப்போது எனக்கே தெரியாது. அவளுடைய கால் ஒன்று உடையாமல் வீட்டில் இருக்கட்டும் என்று நினைத்தேனோ என்னவோ.

அவளுக்கு ஒரே ஒரு குறை இருந்தது. அதன் வெளிறிய நிறம்.

"மாவுக்கட்டு மாதிரியே இருக்குப்பா. பஸ்ல ஏறுனா எல்லாரும் காலைத்தான் பாக்குறாங்க."

"பாத்தா பாத்துட்டுப் போறாங்க."

"உங்களுக்கென்ன, நீங்க மெஷினுக்கு நடுவுல வேலை பாக்குறீங்க. கறுப்பு அடிச்சா போதும். ஷூவோட ஷூவாப் போயிடும்."

அந்த விபத்துக்குப் பிறகு அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் அது. மறுநாளே தோலுக்கு அடிக்கும் கறுப்புச் சாயம் ஒரு புட்டி வாங்கினேன். ஸ்பிரிட் கலந்தது. மூடியைத் திறந்தாலே மூக்கில் ஏறும். எதையும் யாரிடமும் கேட்கவில்லை. நான் அனல்மின் நிலையத்தில் பாய்லர் பராமரிப்பில் இருபத்து நான்கு வருடமாக இருக்கிறேன். ஒரு தோலுக்குச் சாயம் பூச யாரைக் கேட்க வேண்டும் என்ற நினைப்பு.

பிரஷ்ஷை நனைத்துக் கெட்டியாக ஒரு பூச்சு பூசினேன். திட்டுத் திட்டாக நின்றது. அது காய்ந்ததும் இன்னொன்று. அப்புறமும் ஓரங்களில் வெளிறிக் கிடந்தது. ஈரத்துணியால் துடைத்தால் சமமாகப் பரவும் என்று தோன்றி, நன்றாக நனைத்துத் துடைத்தேன். சாயம் பரவியது, ஆனால் தோல் ஊறி, கணுக்காலில் இருந்த வளைவு தளர்ந்துபோயிற்று. இரண்டு நாளில் அவளுக்குக் கல்லூரியில் செய்முறைத் தேர்வு. அவசர அவசரமாகத் தாங்கியை மாவு அச்சின் மேல் மாட்டி, வார்களை இறுக்கிக் கட்டி, துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு முதல் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பினேன்.

ஏன் வேலைக்கு எடுத்துப் போனேன் என்றால், எங்களுக்கு எல்லாம் காய்வது அங்கேதான். நீராவிக் குழாய்களுக்கு மேலே வெப்பம் வெளியே போகாதபடி உறை போட்டுத் தகடு சுற்றியிருக்கும். அதையும் மீறிக் கொஞ்சம் சூடு வெளியே வரும். மழைக்காலத்தில் பாதி ஷிஃப்ட்டின் பூட்ஸ், கையுறை, துண்டு எல்லாம் அதன் மேல்தான் கிடக்கும். வரும்போது சொதசொதவென்று வந்தவன் வீட்டுக்குப் போகும்போது மொறமொறவென்று போவான். வேலைக்குச் சேர்ந்த முதல் மழையில் எனக்கும் யாரோ காட்டிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து காய வைப்பது என்றாலே எனக்கு அந்தக் குழாய்தான்.

கேட்டில் பையைச் சோதித்தவர் துணியை விலக்கிப் பார்த்தார்.

"என்ன சார் இது?"

"என் பொண்ணோட காலு," என்றேன். வேறு எப்படிச் சொல்வதென்று வரவில்லை. அவர் துணியை அவரே மூடிக் கொடுத்தார்.

குழாயின் மேல் அச்சை நிறுத்தி வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். என்னோடு வேலை செய்யும் ஒருவர் அந்தப் பக்கமாக வந்து நின்றார். "என்னண்ணே, காலைக் கழட்டிக் காயப் போட்டுட்டீங்க?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விஷயம் தெரிந்ததும் அவர் ஷிஃப்ட் முடியும் வரை என் முகத்தைப் பார்க்கவில்லை, பாவம்.

மூன்று மணி நேரத்தில் தோல் அப்படியே அச்சின் வளைவைப் பிடித்துக்கொண்டு கல் மாதிரி இருந்தது. நிறமும் ஒரே சீராக இருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அவள் அதை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, "சூப்பர்பா," என்றாள். காலை நுழைக்க வசதியாக நான் இரண்டு பக்கத்தையும் விரித்துப் பிடித்தேன். பாதமும் காலும் சந்திக்கிற மடிப்பில் மெல்லிய ஒரு சத்தம் கேட்டது. அது எனக்கு மட்டும்தான் கேட்டது.

"இரு, பின்பக்கம் ஒட்டியிருக்கு, சரி பண்ணித் தரேன்," என்று வாங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். மடிப்பின் குறுக்கே முடி இழை மாதிரி ஒரு கோடு. வளைத்தால் வாய் திறந்தது. உள்ளே ஒட்டியிருந்த மெல்லிய தோலும் சேர்ந்து வெடித்து, ஓரம் நகம்போல எழும்பியிருந்தது. எந்த இடத்தில் அவளுக்குப் புண் வந்ததோ சரியாக அதே இடம்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் தடவினேன். மற்ற இடமெல்லாம் எண்ணெயைக் குடித்தது; கோடு மட்டும் அப்படியே இருந்தது. பிறகு பூட் பாலிஷை எடுத்து வெடிப்பில் விரலால் அழுத்தித் தேய்த்தேன். வெளியே கோடு மறைந்துபோயிற்று. உள்ளே எழும்பியிருந்த ஓரத்தையும் பாலிஷ் வைத்துப் படிய வைத்தேன். தேர்வு முடியட்டும், அதுவரை தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் ஆசையாகக் கேட்டதைக் கெடுத்துவிட்டேன் என்று அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. முன்பே ஒன்றைக் கெடுத்தவன் நான்.

தேர்வன்று அவள் விருத்தாசலம் பஸ் ஏறிப் போனதிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு எதற்கு எடுத்தேன் என்று மறந்து நின்றேன். சாப்பாட்டு நேரத்தில் போன் செய்தேன்.

"காலைப் பாத்தியா?"

"எக்ஸாம் நடுவுல ஷூவக் கழட்டச் சொல்றீங்களா?"

"வலிக்குதா?"

அவள் சிரித்துவிட்டாள். "வலிச்சா அது நல்ல நியூஸ்பா. ஊருக்கே சாக்லேட் குடுக்கலாம்."

போனை வைத்த பிறகும் அந்த நகம்போன்ற ஓரம் என் விரல் நுனியில் இருந்தது. அவள் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் அது ஒருமுறை உரசும். ஒரு படிக்கட்டுக்கு எத்தனை அடி, லேபில் நின்றுகொண்டிருப்பாளா உட்கார்ந்திருப்பாளா என்றெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

மாலையில் அவள் வந்து உட்கார்ந்ததும் நான்தான் ஷூவைக் கழற்றினேன். சாக்ஸில் ரத்தம் இல்லை. சாக்ஸைக் கழற்றினால், பாதத்தின் மேலே விரல் நீளத்துக்கு ஒரு சிவந்த கோடு. அதன் ஒரு முனையில் மேல்தோல் கொஞ்சம் பெயர்ந்திருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் நடந்திருந்தால் புண்ணாகியிருக்கும். என் மனைவி அடுக்களையிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். குழாய், சத்தம், பாலிஷ் வரை.

"இவ்வளவு பெரிய பாய்லரை வச்சு ஊருக்கே கரண்ட் குடுக்குறவருக்கு ஒரு தோலைக் காய வைக்கத் தெரியல," என்றாள் மனைவி. அதை நான் தாங்கிக்கொண்டேன்.

மகள் தாங்கியைக் கையில் வைத்து வளைத்து, கோடு வாய் திறப்பதையும் மூடுவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சேதான் குடுத்தீங்களாப்பா?"

நான் ஆமாம் என்றேன். அவள் எழுந்து, சுவரைப் பிடித்தபடி உள்ளே போனாள். விரல் நுனி தரையில் இழுபடும் சத்தம் அறை வரைக்கும் கேட்டது.

பாண்டிக்குப் போன் செய்தேன். புதிதாகச் செய்ய ஒரு மாதம் ஆகும் என்றார்கள். அச்சு கைவசம் இருப்பதால், தோல் வேலை நன்றாகத் தெரிந்தவர் யாராவது இருந்தால் செய்யலாம். ஆனால் உள்ளே தையலோ மேடோ இருக்கக் கூடாது, படம் எடுத்து அனுப்பிவிட்டு அதன் பிறகே மாட்ட வேண்டும் என்று சொன்னார்கள்.

மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் ஒரு பெண் செருப்பும் பையும் தைத்துக் கொடுக்கிறார். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். கல்யாணமாகி இங்கே வருவதற்கு முன் ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவர். நான் தாங்கியையும் அச்சையும் அவர் முன்னால் வைத்தேன். அவர் வெடிப்பில் விரலை விட்டுப் பார்த்தார்.

"இன்னா சார், அப்பளமா சுட்டீங்க?"

"ஸ்பிரிட் சாயம் பூசி, ஈரத்துணியால தொடச்சு, ஸ்டீம் பைப்பு மேல காய வச்சேன்."

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "எங்க வூட்டுக்காரரும் காண்ட்ராக்ட்ல அங்கதான் போறாரு. அவரு பூட்ஸ் ரெண்டு மாசத்துக்கு ஒருவாட்டி வெடிச்சிகினு வருது. நா பூட்ஸ் செஞ்சவனத் திட்டிகினு இருந்தேன். எல்லாரும் அந்த பைப்பு மேலதான் வக்கிறீங்களா?"

"மழைல எல்லாரும்தான்."

"நல்லா வச்சீங்க. வெடிச்ச தோலு ஒட்டாது சார். இத வுட்டுடுங்க, வேற செய்யலாம்." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "ஸ்பிரிட்டு சாயமே தோலுல இருக்கற எண்ணெயக் காய வச்சிடும். அது மேல தண்ணி ஊத்தியிருக்கீங்க. அதுக்கும் மேல சூடு. சுருங்கிப் போன தோல மடக்கினா அது இன்னா பண்ணும்?"

தோலை அவரே எடுத்துக் காட்டினார். வயிற்றுப் பக்கத்துத் தோல் இழுபடும், முதுகுத் தோல்தான் சொன்ன இடத்தில் நிற்கும் என்று முதுகுப் பக்கத்தில் வெட்டினார். ஊற வைக்க என்ன தண்ணீர் என்று கேட்டேன்.

"உங்க டவுன்ஷிப்புத் தண்ணியே வெதுவெதுப்பாத்தான வருது. அதையே ரெண்டு கேன் கொண்டாங்க."

"எத்தனை டிகிரி இருக்கலாம்?"

"டிகிரியா? கைய வுடுங்க சார். கை சூடுன்னு சொல்லக் கூடாது, ஜில்லுன்னும் சொல்லக் கூடாது."

குவார்ட்டர்ஸ் குழாயில் நிலத்தடியிலிருந்து இளஞ்சூட்டோடு வரும் தண்ணீரை இரண்டு கேனில் கொண்டுபோனேன். தோலை அதில் அமுக்கியதும் குமிழி குமிழியாகக் காற்று வெளியே வந்தது. குமிழி நின்ற பிறகுதான் எடுத்தார். ஈரத்துணியில் சுற்றி வைத்து, மறுநாள் காலை ஈரம் உள்ளே சமமாகப் போன பிறகு அச்சின் மேல் போட்டு உள்ளங்கையால் தடவித் தடவி இறக்கினார். குதிகாலை நான் பிடித்தேன். மேலே ஒரு மடிப்பு தெரிந்தது; கட்டைவிரலால் அழுத்தினேன்.

"நகத்த எடுங்க சார். இப்ப வுழற கோடு அப்பிடியே நின்னுடும். அப்பறம் வெடிக்கறதும் அங்கதான்."

கையை எடுத்துவிட்டேன். பாதமும் காலும் சந்திக்கும் இடத்தில் அவர் வேறு மாதிரி செய்தார். அங்கே கெட்டித் தோலே வராமல் முன்பக்கத்தை வெட்டித் திறந்துவிட்டார். அதற்கு அடியில் நாக்கு மாதிரி மெல்லிய ஆட்டுத்தோல் ஒன்று, ஓரமெல்லாம் சீவியது. தையல் முழுவதும் வெளியே இருந்தது. "எது தெனிக்கும் மடங்குதோ அங்க கெட்டித் தோலு எதுக்கு? ஷூவுல நாங்க வக்கிறதே இல்ல," என்றார். பிறகு அகலமான துணிப்பட்டையால் அச்சைச் சுற்றிக் கட்டி, கடைக்குள் வெயில் படாத மூலையில் வைத்தார். ஃபேனையும் நிறுத்திவிட்டார்.

அந்த இரண்டு நாள் எனக்குப் பெரும்பாடு. மகள் வீட்டில் இருந்தாள். என்னோடு தேவைக்கு மட்டும் பேசினாள். நான் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் கடையில் நின்று மூலையைப் பார்த்தேன். ஓரம் தூக்கியிருக்கிறதா, சுருங்கியிருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பேன். நான்காவது முறை போனபோது அவர் தையலிலிருந்து தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: "நீங்க மொறச்சிப் பாத்தா சீக்கிரம் காஞ்சிடுமா சார்?"

மூன்றாம் நாள் சாயம் பூசும்போது வரச் சொல்லியிருந்தார். மகளும் வருகிறேன் என்றாள். ஆட்டோவில் என்னோடு வந்தாள். அந்தப் பெண் துணியை அவிழ்த்து, தோலைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். இன்னும் லேசாகக் குளிர்ச்சி இருக்கிறது, முழுக்கக் காய்வதற்கு முன் பூசினால்தான் சாயம் திட்டுப்படாமல் உள்ளே போகும் என்றார். தண்ணீரில் கரைத்த பழுப்புச் சாயத்தைத் துணியில் நனைத்து, பிழிந்து, மெல்லியதாக ஒரு பூச்சு. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பிறகு தோலுக்கென்று வைத்திருந்த எண்ணெயை இரண்டே சொட்டு உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டு தடவினார். அடியில் பழுப்பு இருந்தால் கறுப்பு வெளிறித் தெரியாது, நாளைக்குக் கறுப்பு அடிக்கலாம் என்றார்.

"அக்கா, இதோட நிறுத்திடுங்க," என்றாள் மகள்.

"கறுப்புதான பாப்பா கேட்ட?"

"கறுப்பு அடிச்சா கோடு விழுந்தாத் தெரியாதுக்கா. இதுல தெரியும்."

அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. தோலைப் பார்த்துத்தான் சொன்னாள். அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சாயப் புட்டியை மூடி வைத்தார்.

பாண்டிக்குப் படம் அனுப்பினோம். முதல் நாள் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு மணி நேரம் என்று கூட்டச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் கழற்றியதும் நான் குனிவதற்குள் அவளே காலைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். பக்கவாட்டில் பார்க்க ஒரு சின்னக் கண்ணாடியும் வைத்துக்கொண்டாள். நான் தள்ளி நின்று கேட்பேன். "ஒண்ணுமில்ல" என்பாள். ஒண்ணுமில்லை என்றால் எங்கெல்லாம் பார்த்தாள் என்று கேட்க வாய் வரும். சில நாள் கேட்டும் இருக்கிறேன்.

கல்லூரிக்கு மாட்டிக்கொண்டு போன நான்காம் நாள், அவள் வழக்கமான பஸ்ஸுக்கு முந்தைய பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். வீட்டுக் கேட்டைத் திறந்து பார்த்தால், ஒரு காலில் ஷூ, ஒரு காலில் செருப்பு, கையில் தாங்கி. முழங்காலை உயர்த்தி உயர்த்திக் காலை வைத்து நடந்து வந்தாள்.

"வெடிச்சிடுச்சா?"

"தோலுக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் இங்க செவந்துது." கணுக்கால் எலும்புக்குக் கீழே, பட்டாணி அளவுக்கு. "மத்தியானம் பாத்தேன். அப்பவே கழட்டிட்டேன். பைல செருப்பு வச்சிருந்தேன்."

"போன் பண்ணியிருக்கலாமே."

"பண்ணா நீங்க ஷிஃப்ட்ட விட்டுட்டு வண்டிய எடுத்துட்டு வருவீங்க."

அது உண்மைதான். சிவப்பைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை, தோல் பெயரவில்லை. அவளுடைய முகத்தைப் பார்த்தேன். பயந்திருந்தாள். என் பயம் மாதிரி இல்லை அது. எங்கே, எவ்வளவு என்று அளவு தெரிந்த பயம்.

சாயங்காலமே மந்தாரக்குப்பம் போனோம். சிவப்பு அப்போதைக்கு மங்கிவிட்டிருந்தது. ஆனால் அவள் தன் கால் மேல் பேனாவால் ஒரு வட்டம் போட்டு வைத்திருந்தாள். அந்தப் பெண் காலைத் தாங்கியின் பக்கத்தில் வைத்துப் பார்த்து, தோலின் உள்பக்கம் அந்த ஒரு இடத்தை மட்டும் ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி இளக வைத்தார். பிறகு ஒரு கரண்டியின் பின்பக்கத்தை அங்கே வைத்து, வெளிப்பக்கம் கையைக் கொடுத்து மெல்ல மெல்லத் தள்ளினார். தோல் கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்பக்கம் புடைத்து, உள்ளே குழிந்து கொடுத்தது. இப்போது வெடிக்கும், இப்போது வெடிக்கும் என்று என் காது அந்த மெல்லிய சத்தத்துக்காகவே காத்திருந்தது.

"போதுமா?" என்று அந்தப் பெண் கேட்டார்.

போதும், விட்டுவிடுங்கள் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன்.

மகள் தாங்கிக்குள் விரலை விட்டு அந்தக் குழியைத் தடவினாள். காலில் இருந்த வட்டத்தைப் பார்த்தாள். மறுபடி தடவினாள். "இன்னும் ஒரு நூல் அளவு, அக்கா. மேல் பக்கமா."

கரண்டி மறுபடி தோலுக்குள் இறங்கியது. நான் ஸ்டூலைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.